முன்னால் அப்பா, பின்னால் அண்ணன்

ஜூன் 4, செவ்வாய்

அப்பா காலையில் ஷெட்டில் இருந்தார். அண்ணன் மாலையில் ஷெட்டில் இருந்தான். எஞ்சின் மட்டும் நாள் முழுக்க இருந்தது.

எஞ்சின் இப்போது எங்கள் சாப்பாட்டு மேசை நீளம். யாராவது அதைப் பொம்மை என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு முகம் மாறிவிடும். நிலக்கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நீராவியால் ஓடப்போகிற எஞ்சின். முடிந்தபின், மாதிரி ரயில் சங்கத்தார் பூங்காவில் போட்டிருக்கிற சின்னத் தண்டவாளத்தில் பலகை வண்டிகளைக் கட்டி ஆட்களை இழுக்கும். சக்கரங்கள் அப்பா லேத்தில் கடைந்தவை. செம்புத் தகடுகளை அப்பாவும் அண்ணனும் சேர்ந்து பாய்லராகப் பற்றவைத்தார்கள். அது பேச்சு இருந்த காலம்.

பேச்சு போன மழைக்காலத்தில் நின்றது. அண்ணன் மூன்றாம் வருஷத்தோடு இன்ஜினியரிங் படிப்பை விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் சேர்ந்திருந்தான், வீட்டில் சொல்லவில்லை. அப்பா ரொட்டி வாங்கப் போன கடையில் மாவுக் கையோடு அவனே நின்றிருக்கிறான். அப்பா ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்று அம்மா இன்னமும் சொல்கிறாள்.

ஆனாலும் இருவரும் எஞ்சினை விடவில்லை. அப்பாவுக்குப் பம்ப் ஹவுஸில் மதியத்துக்கு மேல்தான் வேலை. அண்ணன் விடியுமுன் போய், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வந்துவிடுகிறான். ஒரே ஷெட்டில், ஒரே எஞ்சினில், இரண்டு ஷிப்டு. இப்படியாவது இருக்கிறார்களே என்று எனக்கு நன்றியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

நான் இந்த வீட்டின் தபால்காரி.

"பூச்சி, உங்க அண்ணன்கிட்ட சொல்லு, நீள அரம் அந்த இடத்துலயே இருக்கணும்."

"பூச்சி, அவர்கிட்ட சொல்லு, அரத்தை நான் தின்னுடல."

(புத்தகப் பூச்சி என்பது என் முழுப் பெயர். பாதிப் பெயர் போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.)

ஜூன் 9, ஞாயிறு

அண்ணனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வேறு ஊரில், பெரிய ஹோட்டலின் ரொட்டிச் சமையலறையில். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டு, "அவர்கிட்ட நீயே சொல்லிடும்மா" என்றான். அம்மா சொன்னாள். அப்பா தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். காலித் தட்டை எவ்வளவு நேரம்தான் கழுவுவார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பேசாமலே போய்விடுவானோ? இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பேசாமல் இருக்கிறான். அங்கே போய்ப் பேசாமல் இருந்தால் அது வேறு மாதிரிப் பேசாமை. அது கெட்டியாகிவிடும். புத்தகங்களில் அப்படிக் கெட்டியானவர்களை நிறையப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் வேண்டாம்.

அவன் போவதற்கு முன்தினம் சங்கத்துப் பரிசோதகர் வருகிறார். பாய்லரைச் சோதித்து, எஞ்சினை நெருப்பு மூட்டி ஓட்டிப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பார். சீட்டு இல்லாவிட்டால் பூங்காவில் விடமாட்டார்கள். நெருப்பைப் பார்க்க ஒருவர், பிரஷரைப் பார்க்க ஒருவர் வேண்டும். அன்று இருவரும் ஒரே நேரத்தில் நின்றே ஆக வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

எஞ்சின் நொண்டுகிறது.

நெருப்பு மூட்டும் முன் கம்ப்ரஸர் காற்றை விட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். சக்கரம் ஒரு சுற்று வந்தால் புகைபோக்கியில் நாலு மூச்சு கேட்க வேண்டும், நாலும் ஒரே அளவாக. இது மூன்று பெருமூச்சும் ஒரு விக்கலும் விடுகிறது. இடது சிலிண்டரில் வால்வு நடுவில் நிற்கவில்லையாம். அதை நகர்த்த ஒரு நட்டு இருக்கிறது. அப்பா காலையில் அரைச் சுற்றுத் திருகினார். நாலு மூச்சும் சீராக வந்தது. சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

மாலையில் அண்ணன் ஓட்டினான். விக்கல். "யாரோ நட்டைத் திருகியிருக்காங்க" என்று அரைச் சுற்றுத் திரும்பத் திருகினான். சீராகிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

காலையில் விக்கல். "தொடாதேன்னா தொடாம இருக்க முடியாதா துரைக்கு?" அரைச் சுற்று.

மாலையில் விக்கல். "இவர் விடமாட்டார்." அரைச் சுற்று.

அம்மா மருந்துக்கடையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல் இதையெல்லாம் கேட்டாள். "அந்த நட்டுக்கு வாயிருந்தா அழும்" என்றாள்.

ஜூன் 15, சனி

ஷெட்டில் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். இரண்டு ஷிப்டையும் பார்ப்பவள் நான் ஒருத்திதான். அது இன்றுதான் உறைத்தது.

அப்பா திசை மாற்றும் லீவரை முன்னால் தள்ளி ஓட்டுகிறார். அண்ணன் எப்போதும் லீவரைப் பின்னால் இழுத்து ஓட்டுகிறான்.

அண்ணனிடம் ஏன் என்று கேட்டேன். "முன்னாடி எந்த வண்டியும் போகும். பின்னாடி வரச் சொல்லு, அப்பத்தான் வண்டியோட வண்டவாளம் தெரியும்."

அப்பாவிடமும் கேட்டேன். "ரயிலு முன்னாடி போறதுக்குத்தாம்மா. பின்னாடி போறதுக்கா இவ்வளவு பாடு?"

அப்படியானால் இருவரும் சொல்வது உண்மை. அப்பா திருகினால் முன்னால் சரி, பின்னால் நொண்டும். அண்ணன் திருகினால் பின்னால் சரி, முன்னால் நொண்டும். ஒருவர் சரிசெய்வதைத்தான் இன்னொருவர் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

ஜூன் 17, திங்கள்

இன்று காலை அப்பாவிடம், "லீவரைப் பின்னாடி இழுத்துப் பாருங்கப்பா" என்றேன். இழுத்தார். விக்கியது. அவர் கை லீவரிலேயே நின்றது. சாக்கட்டியை எடுத்துச் சுவரில் எனக்கு வரைந்து காட்டினார். வால்வை ஆட்ட இரண்டு ராடுகள். முன்னால் போகும்போது ஒன்று வேலை செய்யும், பின்னால் போகும்போது மற்றது. இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டை எப்படித் திருகினாலும் ஒரு திசைதான் சரியாகும்.

முன்னோக்கி ராடு அப்பா செய்தது. பின்னோக்கி ராடு அண்ணன் செய்தது. இரண்டுமே பேச்சு நின்ற பிறகு செய்தவை.

"அவன்கிட்ட கேளு, என்ன அளவுல அறுத்தான்னு" என்றார்.

"சரி" என்பது வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னது: "எனக்கு அளவெல்லாம் புரியாதுப்பா. நீங்களே கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அளவு புரியும் என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

மாலையில் அண்ணனுக்கும் அதே பதில். "என்னடி, தபால் ஆபீஸ் ஸ்டிரைக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஜூன் 19, புதன்

யாரும் கேட்கவில்லை. யாரும் நட்டைத் தொடவுமில்லை. ஷெட் பூட்டியே கிடக்கிறது. தப்புச் செய்துவிட்டேனா? தபால் ஓடிக்கொண்டாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை, எஞ்சினும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே, "ரெண்டும் ஒரே கட்டையில அறுத்த பலகை. கொஞ்சம் காயட்டும்" என்றாள். பிறகு ஈரக்கையோடு என் கன்னத்தைத் தொட்டாள். அம்மாவைப் போல் ஒருத்தி எல்லோர் வீட்டிலும் இருப்பாளா?

ஜூன் 20, வியாழன்

ஒன்றுமில்லை. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சொல்ல ஆளில்லாத மாதிரி இருந்தது.

ஜூன் 22, சனி

முழுதும் எழுத வேண்டும், ஒரு வார்த்தை விடாமல்.

அப்பா இன்று வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மதியம் ஷெட்டைத் திறந்து உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கையில் அந்த இரண்டு ராடுகள். எதையும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தார். நான் டப்பாவில் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். ஒரு வரியும் ஏறவில்லை.

அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றான். திரும்பிவிடுவான் என்றே நினைத்தேன். முழங்கை வரை மாவு.

அப்பா அவனைப் பார்க்கவில்லை. அண்ணன் செய்த ராடைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இது படத்துல போட்ட அளவுதானா?"

யாரிடம் கேட்கிறார் என்று புரியவே அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"இல்ல" என்றான். "படத்துல அளவு தப்பு. அரை மில்லி குறைச்சலாப் போட்டிருக்கான். கூட்டிப் பார்த்தா மொத்தம் வராது."

அப்பா எஞ்சின் வரைபடத்தை இழுத்து, அதிலிருந்த அளவுகளைப் பென்சிலால் கூட்டினார். இன்னொரு தரம் கூட்டினார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ராடு அறுக்கிறப்பவே."

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட?"

அண்ணன் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அப்பா பதில் வைத்திருப்பார்.

அப்பா இரண்டு ராடுகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னோடதுதான் குறைச்சல். புதுசா ஒண்ணு அறுக்கணும்" என்றார். அப்புறம், "கையைக் கழுவிட்டு வா. மாவோட லேத்தைத் தொடாதே."

அண்ணன் கழுவப் போனான். குழாயடியில் தேவைக்கு மேல் நேரம் நின்றான். திரும்பி வந்தபோது முகமும் கழுவியிருந்தது. நான் கவனிக்காதவள் மாதிரி பக்கத்தைப் புரட்டினேன். புத்தகம் தலைகீழாக இருந்தது என்று பிறகு அண்ணன் சொன்னான்.

ஜூன் 23, ஞாயிறு

புது ராடு பொருத்தியாயிற்று. முன்னால் நாலு மூச்சு. பின்னால் நாலு மூச்சு. பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "பிடி." "விடு." "இன்னும் கொஞ்சம்." "போதும் போதும்." இத்தனை இனிமையான வார்த்தைகள் அகராதியில் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

ஜூன் 29, சனி

பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிறவர். முதலில் பச்சைத் தண்ணீர்ச் சோதனை. பாய்லர் நிறையத் தண்ணீரை அடைத்து, எஞ்சின் ஓடும்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு பிரஷரைக் கைப்பம்பால் ஏற்றினார். முள் இறங்குகிறதா என்று எல்லோரும் பார்த்தோம். அம்மா மூச்சு விடவில்லை. பாய்லர் மூச்சு விட்டுவிடக்கூடாது என்பதற்காக இருக்கும். முள் நின்ற இடத்தில் நின்றது.

"சுத்தமான வேலை. யாரு பத்தவச்சது?"

"நாங்க" என்றார் அப்பா.

ஒரு சொல்தான். அண்ணன் குனிந்து, இல்லாத கரித்தூளைத் தட்டினான்.

பிறகு நெருப்பு. நெருப்பை அண்ணன் பார்த்தான். கரியை ஒவ்வொரு துண்டாக, இடம் பார்த்து வைத்தான். அப்பா பிரஷர் முள்ளைப் பார்த்தார். அதாவது, அதைப் பார்க்க வேண்டியவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவை மூடேன், சூடு போகுது" என்றார். "கொஞ்சம் திறந்துதான் இருக்கணும், புகை பாருங்க, வெளுத்துடுச்சு" என்றான் அண்ணன். அப்பா புகையைப் பார்த்தார். "ம்" என்றார். எங்கள் அப்பாவின் "ம்" சுலபமாகக் கிடைப்பதில்லை.

பின்கட்டில் போட்ட குட்டித் தண்டவாளத்தில் எஞ்சின் நின்று சீறியது. எண்ணெயும் சூடும் கலந்த வாசனை.

"நீ ஓட்டு."

"நீங்க முதல்ல."

"நான்தான் சொல்றேன்ல."

"பெரியவங்க நீங்க இருக்கிறப்ப..."

"இப்பத்தான் பெரியவங்கன்னு தெரியுதா?"

"யாராவது ஓட்டுங்கப்பா" என்றார் பரிசோதகர், "ஆவி வீணாப் போகுது."

அப்பா முன்னால் ஓட்டினார். தண்டவாளம் முடியுமிடத்தில் நிறுத்தி எழுந்துகொண்டார். அண்ணன் உட்கார்ந்து லீவரை இழுத்து, அவ்வளவு தூரத்தையும் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தான். நாலு மூச்சு, நாலு மூச்சு. பரிசோதகர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி கிடைத்த பிறகு.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணன் கிளம்பிவிட்டான். பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அம்மா சட்டைகளைப் பற்றிப் பேசினாள். நான் ஒரு நாவலைப் பையில் திணித்தேன், படிக்கமாட்டான், இருக்கட்டும். அப்பா தள்ளி நின்று பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறும் நேரத்தில்தான் பக்கத்தில் வந்தார்.

"அங்க அடுப்பு கரியா, கேஸா?"

"கரண்டுப்பா."

"கரண்டுன்னா சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குமா?"

"இருக்காது. பின்பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி அடிக்கும். பாதியில தட்டைத் திருப்பி வைக்கணும்."

"ஓ" என்றார் அப்பா. "அப்படியா."

அந்தக் கடையில் ரொட்டி வாங்கிய நாளிலிருந்து, அவன் வேலையைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி இது. கண்டக்டர் விசிலடித்தார். அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி இன்னும் எதையோ விளக்கிக்கொண்டே போனான், கையால் தட்டைத் திருப்பிக் காட்டியபடி. அப்பா கொஞ்ச தூரம் பஸ் கூடவே நடந்தார்.

வீடு வரும்வரை நாங்கள் மூவரும் பேசவில்லை. இது கெட்ட பேசாமை இல்லை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஜூலை 14, ஞாயிறு

போன் அடித்தது. எடுத்தேன். "பூச்சி, நல்லாப் படிக்கிறியா? சரி, அப்பாகிட்ட குடு."

எஞ்சினுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று அரைமணி நேரமாகச் சண்டை. அப்பாவுக்குக் கறுப்பு. அண்ணனுக்குப் பச்சை போலிருக்கிறது. "உனக்கு என்னடா தெரியும்" என்பது இந்த அறைவரை கேட்கிறது. அம்மா கதவைச் சாத்தப் போனாள், வேண்டாம் என்றேன்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நாளைக்கு வரலாற்றுத் தேர்வு. இரண்டு பாடம் படித்துவிட்டேன்.