மாமாவின் காதில் இருக்கும் பெட்டி

மல்லேஸ்வரம், பெங்களூர்
7-3-2005

அன்புத் தம்பி சந்திரனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சிங்கப்பூரில் நீயும் ருக்குவும் நலம்தானே? மெயிலில் அடித்தால் நம் பெண் இளவேனில் கண்ணில் படும். அதனால்தான் தபால்.

பொங்கலுக்கு வந்தபோது உன் மாமாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி அளவுதான். சட்டைப் பையில் இருப்பதே தெரிவதில்லை. பழைய டேப் ரெக்கார்டரைப் போல நாடா சிக்குவதில்லை. ஒரு பென்சில் செல் போட்டால் நாள் கணக்கில் பாடுகிறது. பாட்டுக்காகவே தினமும் இங்கே பக்கத்தில் இருக்கும் சாங்கி ஏரியைச் சுற்றுகிறார், சர்க்கரையும் இறங்கியிருக்கிறது.

அவ்வளவுதான் நல்லது. அதைக் காதில் மாட்டிவிட்டால் பால் பொங்கி வழிந்தால்கூடத் தெரியாது. கேஸ்காரன் பெல் அடித்து அடித்துத் திரும்பிப் போய்விட்டான். தனக்குக் கேட்கவில்லை என்பதால் ஊருக்கே கேட்காது என்று நினைப்பு. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் கொத்தமல்லி விலையை அவர் கேட்ட கேட்பில், பூக்காரம்மா சண்டை என்று பயந்து, "யாக் சார் கிர்ச்சுதீரா?", ஏன் சார் கத்துறீங்க என்று அவளும் கத்தினாள். எனக்கு மானம் போயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இளவேனிலுக்கும் அவள் ஆபீசில் இருக்கும் ரவிக்குமாருக்கும் பிடித்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். துமகூர்க்காரர்கள், கன்னடம் பேசுகிறவர்கள். பையனின் அப்பா கோவிந்தப்பா மூன்று முறை போன் செய்துவிட்டார். "சார் இதாரா?", சார் இருக்கிறாரா என்பார். வாக்கிங் போயிருக்கிறார் என்பேன். உன் மாமா ஹாலில்தான் காதில் ஒயரோடு உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் "ரவி" என்று வாயெடுத்தாலே கை பொத்தானுக்குப் போகிறது. வருகிற இருபதாம் தேதி ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள். பெண்ணின் அப்பா ஹாலில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் நான் எந்த முகத்தோடு தட்டை வாங்குவது? இளவேனில் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

போன வாரம் பொறுமை போய்விட்டது. அந்தப் பெட்டியில் மைக் படம் போட்ட பொத்தான் இருக்கிறதே, அவர் குளிக்கும்போது அதை அழுத்தினேன். இடமில்லை, அழிக்கட்டுமா என்று ஏதோ கேட்டது. ஒரு பாட்டுதான் போகும் என்று நினைத்து, சரி என்று அழுத்திவிட்டேன். அத்தனை பாட்டும் போய்விட்டது. பி.எஸ்ஸி. படித்து என்ன பயன்? போனது போகட்டும் என்று சமையலறையில், பருப்பு வைத்த குக்கர் பக்கத்தில் நின்று அதனிடம் பேசினேன். முகம் திருப்பிக்கொள்ளாத ஒன்றிடம் பேசுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? பிடிக்கவில்லையா, பயமா, நம் பாஷை இல்லை என்பதா, அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் என்ன பேசிக்கொள்வது என்பதா, எதுவானாலும் சொல்லுங்கள் என்றேன். என் பயத்தையும் சொன்னேன். அழுதும்விட்டேன்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனார். வழக்கமாக வரும் நேரத்துக்கு வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தே ஓய்ந்தேன். வெயில் ஏறியபின் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீ பாட்டுக்குப் பேசிட்டே இருக்கே. அஞ்சு விசில் வந்துச்சு. பருப்பு என்னத்துக்கு ஆச்சு?" என்றார். கேட்டுவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் குழைந்த பருப்பையே இரண்டு வேளையும் போட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

நேற்றுத்தான், "சந்திரனுக்கு எழுதி அந்தப் பாட்டையெல்லாம் திரும்ப அனுப்பச் சொல்லேன்" என்றார். எழுதிவிட்டேன். ஆனால் தம்பி, அக்கா கேட்கிறேன், இருபதாம் தேதி தாண்டும்வரை ஒரு பாட்டும் அனுப்பாதே. வேலை அதிகம், கடையில் சிடி கிடைக்கவில்லை, என்ன வேண்டுமானாலும் சொல். உள்ளே என் குரலைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், இன்று காலையும் அதை மாட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

நீயும் ருக்குவும் எப்போதும் பேசிக்கொண்டிருங்கள். தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அக்கா,
மரகதம்