தும்பைத்துறை அம்பலத்தின் கூரை குறித்து மருதங்குழிச் சபையார்க்கு விடுத்த ஓலை

நலம் வளர்க. மழை பொய்யாதிருக்க. நீலவரை நாட்டைத் தம் நிழலில் வைத்துக் காப்பவரும், மலைச்சுனை முதல் உப்பங்கழி வரை ஓடும் நீர்க்கெல்லாம் முறை வகுத்தவருமான கோமகள் ஆதிரை நாச்சியார் திருவாய் மலர்ந்தபடி, ஓலைநாயகம் தத்தன் கீரன் எழுதியது. மருதங்குழி ஊர்ச்சபையார் அனைவரும் கேட்க. உங்கள் ஏரி கரை தொட நிற்க. உங்கள் களத்தில் பொலி உயர்க.

உங்கள் அம்பலம் சிறியது என்றும், குடிகள் பெருகி உட்கார இடமின்றித் தவிக்கின்றீர் என்றும், அதனை விரித்துக் கட்டப் பண்டாரத்துப் பொன் வேண்டும் என்றும் நீங்கள் விடுத்த விண்ணப்பம் திருமுன் படிக்கப்பட்டது. கேட்டதும் கோமகளார் சிரித்தார். அது உங்களைக் குறித்த சிரிப்பன்று, தம்மைக் குறித்தது. இதே காரியத்துக்காகத் தும்பைத்துறைக்குப் பொன் அனுப்பி, ஓர் ஊரையே ஊமையாக்கிய கதை அவர் நினைவுக்கு வந்துவிட்டது. அதை உங்களுக்குச் சொல்லிய பிறகே பொன்னைப் பற்றிப் பேசவேண்டும் என்பது ஆணை. ஆகவே சொல்கின்றோம்.

இதனை எமக்குச் சொன்னவள் வெண்ணி என்னும் பெண். கடல் தன் ஊரை விழுங்கியபின், தன் சுற்றத்தாரோடு தும்பைத்துறை ஏரியின் கீழ்ப்புறத்தில் குடியேறியவள். அரசவை நடுவில் நின்று சொன்னாள். இடையிடையே நெடுநேரம் பேசாதிருந்தாள். அப்போதெல்லாம் எம் எழுத்தாணியும் பேசாதிருந்தது. அங்கே பேசப்பட்டவற்றை அரண்மனைச் சொல்லாக மாற்றாமல், வாயில் வந்தவாறே எழுதுக என்றும் கட்டளை. செவிக்கு முரடாக இருப்பின் பொறுத்தருள்க.

தும்பைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. அம்பலத்தின் கூரைக்கு ஓலைக்கீற்று கொடுக்கும் வீடு எதுவோ, அந்த வீட்டுக்கே அதன் கீழ் அமர்ந்து பேசும் உரிமை. கூரை மாற்றும் பருவம் வந்தால், ஒவ்வொரு வீடும் தன் பாகத்தைத் தானே வேய்ந்துகொள்ளும். கூரையோ சிறியது, பாகமெல்லாம் முன்னமே பங்கிடப்பட்டது. பிறகு வந்த வெண்ணியின் சுற்றத்தார்க்குக் கீற்றுச் செருக ஒரு முழ இடமும் இல்லை. ஆகவே அவர்கள் கூரைநீர் சொட்டும் கோட்டுக்கு வெளியே நின்று கேட்கலாம். உள்ளிருப்போர் காதில் விழலாம். ஆனால் அவர்கள் சொல் சபையின் சொல்லாகாது.

ஊர்முதலி ஏறன் கொடியவர் அல்லர். வெண்ணி கேட்கும்போதெல்லாம், "எடம் இருந்தா நான் வேணாம்பேனா? மேல பாரு, நீயே பாரு" என்று கூரையைக் காட்டுவார். அவளும் பார்ப்பாள். இடம் இல்லைதான்.

ஏரி நிறையும் பருவத்தில் மடைச்சபை கூடும். எந்த நிலத்துக்கு எந்நாள் நீர் என்று அங்கேதான் முறை வகுப்பார்கள். வெண்ணியின் கூட்டம் திருத்திய கரம்பை நிலத்துக்கு அதுகாறும் முறை இல்லை. மற்றவர் பாய்ச்சியது போக வழிந்ததே அவர்கள் நீர். அவ்வாண்டும் முறை கிடைக்காவிடில், இன்னோர் ஊர் தேடிப் புறப்படுவதென்று ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள். ஊர் இழந்து நடப்பது எப்படியிருக்கும் என்பது வெண்ணிக்குத் தெரியும். இன்னொருமுறை நடக்க அவள் கால்கள் இசையவில்லை. இவ்வளவுதான் அவள் வழக்கு.

இந்நிலையில், அம்பலம் சிறியது என்று தும்பைத்துறையார் விடுத்த விண்ணப்பம் கேட்டுக் கோமகளார் மனமகிழ்ந்து, பண்டார அதிகாரி சேந்தன் பூதனாரைப் பொற்பேழையோடும் பெருந்தச்சன் எழுதிய வரைவோடும் அனுப்பிவைத்தார். அதிகாரியார் அம்பலத்தின் நடுவில் நின்று, "இன்றுமுதல் இவ்வம்பலத்தின் கூரை முழுவதும் கோமகளார் கொடை. நீங்கள் ஒரு கீற்றும் தரவேண்டா" என்று முழங்கினார்.

அவ்வளவுதான். ஏறனார் எழுந்தார், தம் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார், உள்ளிருந்து ஒரு புதுப்பாய் கொணர்ந்து நடுவில் விரித்தார், அதனைக் கும்பிட்டுவிட்டு வெறுந்தரையில் அமர்ந்தார். மற்றவரும் அவ்வாறே செய்தனர். பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதிகாரியார் வரைவை விரித்துக் காட்டினார். மறுமொழி இல்லை. கல்தூண் வேண்டுமா, மரத்தூண் வேண்டுமா என்றார். இல்லை. தண்ணீர் கேட்டார். ஒருவர் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார், கொடுத்தவரும் பேசவில்லை. அறுபது நாட்டு வழக்குகளைத் தீர்த்த அதிகாரியார், அந்த வெறும்பாயைப் பார்ப்பதும் ஊராரைப் பார்ப்பதுமாக வேர்த்துக்கொண்டு நின்றார். அப்போது சொட்டுக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"ஐயா, சாயங்காலம் வரைக்கும் நின்னாலும் பேச மாட்டாங்க" என்றாள் வெண்ணி. "கூரைக்குக் குடுத்தவங்கதான் கூரைக்கடியில பேசலாம். மொத்தத்தையும் அரசி குடுத்துட்டாங்க. இப்ப அரசி வந்துதான் பேசணும். அதான் பாய் போட்டிருக்காரு."

"அப்படியாயின் நீ எப்படிப் பேசுகிறாய்?"

"நான் வெளியிலதானே நிக்குறேன். என் பேச்சுக்குத்தான் வெலையே இல்லையே."

ஏறனார் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். அவரால் இயன்றது அவ்வளவே.

கோமகளார் வாக்கைத் திரும்பப் பெறுவதெப்படி என்று அதிகாரியார் கலங்கினார். வெண்ணி சொன்னாள்: "வாக்கை ஏன்யா திருப்புறீங்க? எடத்தை மாத்துங்க. கூரைக்குக் குடுத்தாத்தானே வம்பு? தரைக்குக் குடுங்க. அதுல யாரு வேணா ஒக்காரலாம்."

அதிகாரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோமகளார் பொன் தரைக்கே உரியது என்றும், கூரை ஊராருடையதே என்றும் அறிவித்தார். "அப்பாடா!" என்று ஏறனார் விட்ட மூச்சில் எதிரிலிருந்த வரைவோலை பறந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதுவரை அடக்கிய பேச்சையெல்லாம் வட்டியோடு பேசினார்கள் என்று அதிகாரியார் எமக்குத் தனியே எழுதியுள்ளார்.

ஆயினும் இடர் தீரவில்லை. தரை அகலும், கூரை எப்படி அகலும்? பெருந்தச்சன் வரைவுக்கு மலைத்தேக்கு வேண்டும். அதனை வெட்டி இறக்குவதற்குள் மடைச்சபை கூடிக் கலைந்துவிடும். ஏறனார் வருத்தத்தோடு, "அடுத்த வருசம் கட்டாயம்" என்றார். வெண்ணி ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நின்றாள்.

அங்கே அவள் சுற்றத்தாரின் தோணிகள் கிடந்தன. கடற்கரையிலிருந்து மாட்டையும் ஆளையும் கட்டி அவர்கள் அவற்றை இழுத்து வந்தபோது, ஏரியில் திமிங்கிலம் பிடிக்கவா என்று ஊர் கேலி செய்தது. குடிசை போடும்வரை அத்தோணிகளைக் கவிழ்த்து, அவற்றின் கீழேதான் ஒரு மழைக்காலத்தைக் கழித்தார்கள். பிறகு நிமிர்த்தி, ஆண்டுதோறும் மீன்எண்ணெய் பூசி வைத்தார்கள். ஏனென்று யாரும் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. என்றேனும் கடல் திருப்பித் தரும் என்ற எண்ணத்தை வேறெங்கு வைப்பது?



அவள் தன் ஆட்களிடம் போய்த் தோணிகளைக் கேட்டாள். அவளுடைய கொழுந்தன் மரக்கான் சினந்தான். "கவுத்து மேல ஏத்திட்டா அப்புறம் எறக்க முடியாது மதினி. நம்ம கடலுக்குப் போகவே வேணாமா?"

"கடலு நம்மள வேணாம்னுட்டுது மரக்கா. நாமதான் இன்னும் எண்ணெய் தடவிக்கிட்டு இருக்கோம்."

மரக்கான் தன் தோணியின் விளிம்பில் கைவைத்து நின்றான். பிறகு, "என்னோடத நடுவுல வைக்கச் சொல்லு. அதுதான் பெருசு" என்றான்.

சபையார் முன் வெண்ணி சொன்னாள்: "கீற்று குடுக்கத்தான் எடமில்ல. கூரையையே குடுத்தா?" ஏறனார் கரையில் கிடந்த தோணிகளைப் பார்த்தார்; தம் அம்பலத்தைப் பார்த்தார்; வழக்கத்தில் இதற்குத் தடை உண்டா என்று யோசித்தார். முன்னோர்க்கு இப்படியோர் எண்ணமே தோன்றியிராததால் தடையும் இல்லை.

வேலை அன்றே தொடங்கிற்று. பழைய கூரையின் இரு பக்கமும் பனந்தூண் நட்டு, தோணிகளைக் கவிழ்த்து ஏற்றி, பலகைகளைத் தைத்திருந்த கயிறுகளை இறுக்கிக் கட்டினார்கள். ஊர்ப் பெண்கள் இரு கூரைக்கும் இடைப்பட்ட சந்தில் கீற்று நெருக்கி வேய்ந்தார்கள். செக்கு ஆட்டுபவர் கயிற்றுக்கு எண்ணெய் கொடுத்தார். கொடுக்க ஒன்றுமில்லாத ஒருவர் தூண் நடுவோர்க்குப் பாட்டுக் கொடுத்தார். அதுவும் பங்காக ஏற்கப்பட்டது. பண்டாரத்துப் பொன்னால் தரைக்குக் கற்பலகை பதித்தார்கள். முதல் தோணி தூண்மேல் அமர்ந்தபோது ஏறனார் மூக்கைப் பொத்தி, "என்னம்மா, இந்த வாடை அடிக்குது?" என்றார். "ஒங்க பேச்சு நாலு நாழி கேட்டா இது பரவால்லன்னு தோணும்" என்றாள் வெண்ணி. சிரிப்பில் ஒருவன் பிடித்த கயிற்றை விட்டான். நல்லவேளை, அது வெறுங்கயிறு.

மடைச்சபை கூடிய நாளில் மழை பெய்தது. ஊர் முழுவதும் உள்ளே இருந்தது. சொட்டுக்கோட்டுக்கு வெளியே ஒரு நாய்கூட நிற்கவில்லை. தோணியின் அடிப்புறத்தில் மழை விழும் ஓசையைக் கேட்டவாறு வெண்ணி அமர்ந்திருந்தாள். ஏறனார் முறைப்படி ஒவ்வொரு பாகத்தாரையும் கேட்டு வந்து, "கீழ்ப்புறத்துக் கரம்பைக்காரங்க, என்ன சொல்றீங்க?" என்றார்.

அவள் வாய் திறக்கவில்லை. சபை காத்திருந்தது.

"என்னம்மா, வெளிய நிக்கையில அவ்வளவு பேசுன?"

"இருங்கய்யா" என்றாள் வெண்ணி. "இத்தன காலமும் மழையில கத்தித்தான் பழக்கம். மெதுவாப் பேசுறது எப்படின்னு பாக்குறேன்."

பிறகு மெதுவாகவே கேட்டாள். மெதுவாகவே கொடுத்தார்கள். கரம்பைக்கு நீர்முறை விழுந்தது. மரக்கான் வெளியே ஓடி மழையில் நின்று கூவினான் என்றும், உரிமையோடு உள்ளிருக்க இன்னும் கற்காதவன் இவன் ஒருவன்தான் என்று ஏறனார் சொன்னார் என்றும் கேள்வி.

நடுவில் விரித்த புதுப்பாயைத் தும்பைத்துறையார் இன்னும் எடுக்கவில்லை. அதனை அறிந்த கோமகளார், தம் கையால் ஒரு கீற்று முடைந்து அனுப்பினார். முடைதல் அவருக்குக் கைவரவில்லை, கீற்றில் ஓட்டை விழுந்தது. அதனை அந்தப் பாய்க்கு நேர்மேலே செருகி, ஒழுகினால் அரசி தலையிலேயே ஒழுகட்டும் என்று சபை தீர்மானித்தது. கோமகளார் அத்தீர்மானத்தை ஒப்புக்கொண்டு, இவ்வாண்டு மடைச்சபைக்கு ஒரு வீட்டாராக அங்கே சென்று அமர்வார்.

மருதங்குழியாரே, இனி உங்கள் காரியம். உங்கள் அம்பலத்தின் தரைக்கு வேண்டும் பொன் இவ்வோலையோடு வருகின்றது. கூரைக்கு எம்மிடம் பொன் இல்லை, இருந்தாலும் தாரோம். நீங்கள் எவ்வளவு அகலம் கட்டவேண்டும் என்பதையும் யாம் வகுக்கவில்லை. இவ்வோலையை அம்பலத்தின் உள்ளே படிக்காது, வெளியே நின்று உரக்கப் படிக்கச் செய்க. கேட்க வருவோருள் எல்லார்க்கும் பின்னால் நிற்பவர் யாரோ, அவர் நிற்குமிடம் வரை உங்கள் கூரை நீள்க. இதற்கு மறுமொழி எழுதுவோர் ஊர்முதலியும் அல்லர், கணக்கரும் அல்லர். பின்னால் நின்ற அவரே சொல்ல, நீங்கள் எழுதி அனுப்புக. அவர் பேசாது நின்றால் அவசரப்படுத்தற்க, காத்திருக்க.

இவ்வாறு கோமகளார் ஆணை. இதற்குச் சான்றாக நீலவரைத் தோணி முத்திரை, அவர் திருமுன்னிலையில், மழை பெய்துகொண்டிருக்கையில் இடப்பட்டது. ஆணை நிற்க, நீர் ஓடுக, சபை நனையாதிருக்க.