வெள்ளிக்கிழமை ஆறு மணி

குவோப்பியோ
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

சைமி எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அங்கே நார்வேயில், ட்ரோம்சோவில் உனக்குக் குளிர் தொடங்கிவிட்டதா? ஆஸ்பத்திரியில் இன்னும் ராத்திரி வேலைதானா? போனில் நீ கேட்டால் எனக்கு "நல்லா இருக்கேன்" தவிர வேறு வார்த்தை வருவதில்லை. நீயும் உடனே "சரி, வச்சிடட்டுமா" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

வீட்டுப் படங்களை ஏப்ரலில் அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். படத்தில் தெரியாததை இப்போது சொல்கிறேன். நாலாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் காலையில் எதிர் பேக்கரியில் மீன் ரொட்டி வேகிற வாசனை வரும். சந்தைக்கு நடந்தால் ஏழு நிமிடம், ஏரித் துறைக்குப் பன்னிரண்டு. அப்பா வீடு பார்க்கப் போன இடங்களில் எல்லாம் நான் சந்தை வரை நடந்து நேரம் பார்த்தேன். நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் சொன்னாயே, "டவுனுக்குள்ள சொந்தமா ஒரு வீடு, நடந்துபோய் சந்தையில காய் வாங்கணும். அது அமைஞ்சா அடுத்த பஸ்ல வந்துடுவேன்" என்று. அதனால்தான் பார்த்தேன்.

படுக்கையறையை அப்பா எனக்குக் கொடுத்துவிட்டார். அவர் கூடத்தில் படுக்கிறார். புதுக் கட்டில் வாங்கினார், ஒருவர் படுக்கிற அகலம். கடையில் நான், "பெருசா ஒண்ணு பார்க்கலாமே" என்றேன். "இடத்தை அடைச்சுக்கும்" என்றார். கூடம் பெரிய கூடம், அம்மா.

நீலக் கோடு போட்ட உன் துணிப் பாயை ஜூனில் ஏரிக்கு எடுத்துப்போய்த் துவைத்தோம். பாய் துவைக்கிற மேடையில் அன்று நல்ல கூட்டம். அப்பா பக்கத்து ஆட்களோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். பஸ் ஓட்டும்போது தினமும் பார்க்கிற முகங்களாம். அவருக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சாயம் போகவில்லை.

எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேனா? சந்தையில் தைஸ்தோ என்பவருடைய கடை. பட்டாணியும் ஸ்ட்ராபெரியும். பள்ளியை விட்டது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேச வராமல்தான் விட்டேன், இங்கே நாள் முழுக்க நின்று பேச வேண்டியிருக்கிறது. முதல் வாரம் தைஸ்தோ எல்லார் முன்னாலும், "அம்மாடி, விலையைச் சொல்லு, ரகசியம் சொல்லாத" என்றார். யாராவது பட்டாணி இனிக்குமா என்று கேட்டால், "இனிச்சாலும் இனிக்கும், இனிக்காமலும் போகும். தின்னுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க" என்பார். சாயங்காலம் எல்லாரும் துறையில் உட்கார்ந்து பட்டாணியை உரித்துத் தின்பார்கள். நானும் ஒரு பை எடுத்துப்போவேன். பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம் என்றும் இருக்கும், யாராவது உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருக்கும்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நம் கட்டடத்தின் சவுனா, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீராவிக் குளியல் அறை, கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். கதவுப் பக்கத்தில் பட்டியல் ஒட்டியிருக்கும். வீட்டை விற்றவர்களின் நேரம் நமக்கு வந்தது: வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. வாரத்திலேயே நல்ல நேரம் அதுதான். விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்கப் பல வருடம் ஆகும். பழைய வீட்டில் முதலில் நீயும் நானும் போவோம், பிறகு அப்பா போவார். இங்கே அப்பாவுக்கு அரை மணி, எனக்கு அரை மணி.

மே மாதம் கட்டடச் சங்கத் தலைவி மர்கெத்தா, பட்டியலும் பென்சிலுமாக எங்களைப் படிக்கட்டில் நிறுத்தினார். பக்கத்தில் மூன்றாம் மாடி ஹென்னா நின்றாள், இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகளோடு. அவர்களுக்குச் செவ்வாய் இரவு ஒன்பது மணி. அதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். மர்கெத்தா அப்பாவிடம், "ரெண்டு பேருக்கு ஒரு மணி நேரமா இஸ்மோ? கல்லு சூடாகுறதுக்குள்ள வெளிய வந்துடுறீங்க. இவளுக்குக் கொடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்றார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா எடுத்துக்கட்டும்" என்றார்.

அப்போது நான் பேசினேன், அம்மா. சந்தையில் விலை சொல்வதைவிடச் சத்தமாக. "நாங்க மூணு பேர். அம்மா ஆகஸ்ட்ல வந்துடுவாங்க" என்றேன்.

மர்கெத்தா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அப்பா படியேறத் தொடங்கினார். மேலே வந்ததும் ஷூவைக் கழற்றாமல் சமையலறை வரை நடந்துபோய்விட்டு, திரும்பி வாசலுக்கு வந்து கழற்றினார். அதன்பிறகு அவர் வெள்ளிக்கிழமை கீழே வருவதில்லை. நீச்சல் குளத்துச் சவுனாவே போதும் என்கிறார். ஒரு மணி நேரமும் நான் மட்டும் இருக்கிறேன். பாதியில் எழுந்து வந்தால் யாராவது பார்ப்பார்களே என்று முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். பழைய வீட்டில் நீ எப்போதும் உட்காருவாயே, அந்த மேல்படியை விட்டுவிட்டுக் கீழ்ப்படியில்.

ஆகஸ்ட் பிறந்ததும் மர்கெத்தா, "என்னடி பொண்ணே, உங்கம்மாவை நார்வே மீனு முழுங்கிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். வேடிக்கையாகத்தான் கேட்கிறார். ஹென்னா கேட்பதே இல்லை. அவள் சமையலறைத் தொட்டியில் குழந்தைகளைக் குளிப்பாட்டும் சத்தம் மட்டும் எங்கள் தரை வழியாகக் கேட்கும்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு துண்டுகள் எடுத்துப்போய், இரண்டையும் நனைத்து, இரண்டையும் முற்றத்துக் கொடியில் காயப்போட்டேன். உன் பச்சைத் துண்டைத்தான் எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

நேற்றுக் காலை கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே நடுவில் ஓட்டை உள்ள கறுப்பு ரொட்டி ஒன்று, ஒரு பொட்டலம் உப்பு, ஹென்னாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சைமியின் அம்மாவுக்கு. புது வீட்டுக்கு நல்வரவு." பின்பக்கத்தில் குழந்தைகளின் கையை மையில் தோய்த்து அழுத்தியிருந்தாள்.

அப்பா படித்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் சீட்டை மடித்து, "இதை நீதான் சரி பண்ணணும், கண்ணு. என்னால முடியல" என்றார். பிறகு என் தலைமேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

கட்டில் ஏன் சின்னது என்று எனக்குத் தெரியும், அம்மா. போனில் உன் பின்னால் ஒருவர் இருமுவதும் எனக்குக் கேட்டிருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் வந்து சேரவும் நீ பஸ் பிடிக்கவும் நாள் இருக்கிறது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வந்தால் போதும். தங்க வேண்டாம். நீ மேல்படியில் உட்கார், கல்லில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன், பேசக்கூட வேண்டாம். ஹென்னா கொடுத்த ரொட்டியை நீயே வெட்டு. அதன்பிறகு அந்த நேரத்தை நான் அவளுக்குக் கொடுத்துவிடுவேன்.

நீ வராவிட்டாலும் கொடுத்துவிடுவேன். ஆறு மணி வரை பார்த்துவிட்டு, மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போய் மணியை அடித்து, நானே வாயைத் திறந்து சொல்வேன். என்ன சொல்வது என்று தினமும் பட்டாணிக் கடையில் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

ரொட்டியை இன்னும் வெட்டவில்லை. அது காய்ந்தாலும் கெடாது.

நீ எங்கே இருந்தாலும் உனக்குக் குளிராமல் இருக்கட்டும்.

உன் மகள்,
சைமி