செல்வியின் மாத்திரைப் பெட்டி

11 ஆகஸ்ட் 2004, புதன்

ஏரிக்கரைக் குடிசைகளில் காசநோய்க்காரர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் மாத்திரை கொடுக்கிறேன். என் கண்முன்னேதான் விழுங்க வேண்டும் என்பது விதி. இன்று காலை செல்வி விழுங்கிவிட்டு, பெட்டியில் மீதி இருந்ததையும் கேட்டாள். சிறுசேரியில் சித்தாள் வேலையாம். திரும்பி வர இரண்டு மாதம் ஆகுமாம்.

"கையில கொடுக்கக் கூடாதும்மா."

"இன்னா சார், தூக்கிப் போட்டுடுவேன்னு பயமா? லாரி நின்னுகினு கீது."

"டாக்டரக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

"நீ கேட்டுகினே இரு சார். நான் அங்க போயி இருமிகினு இருக்கேன்."

சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிவிட்டாள். விதியை மீற எனக்குப் பயம். உத்தியோகத்தில் இருந்தபோதும் அப்படித்தான்.

மாலையில் டாக்டர், "கொடுத்து அனுப்பியிருக்கலாமே சார். பாதியில விட்டா அப்புறம் இந்த மருந்தே கேட்காது" என்றார்.

பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அவளிடம் சேர்க்க வேண்டும். நாளை பஸ் ஏறிப் போகலாம். ஆனால் சிறுசேரியில் எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும்புகிறது. எந்தக் கட்டடம் என்று அவளைக் கேட்கத் தோன்றவில்லை. வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று மட்டும் சொல்லி, விழுங்கிவிட்டாளா என்று சரிபார்த்தேன்.