கொடிக்கம்பம் சாய்த்த கோடு

ஆகஸ்ட் 4, திங்கள்
மீனவர் சங்கத் தலைவர் உக்கிரபாண்டியின் முகத்தில் விழித்தாலே நாள் பாழ். என் தம்பி ரிஃபாயின் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை இன்று பிடுங்கிக்கொண்டார். கரையில் யாரோ வயர்லெஸ் பொத்தானை அமுக்கிப் பிடித்து, படகுகள் பேசும் சேனலை அடைக்கிறார்கள். போன வாரம் நடுக்கடலில் இன்ஜின் நின்று படகோட்டி வேல்ராஜ் கத்தியது என் காதுக்கு எட்டவே இல்லை; பிழைத்து வந்தது அவன் நல்ல காலம். சங்க மாடியில் வைத்த திசைகாட்டும் ஆன்டெனா ரிஃபாய் வீட்டைக் காட்டுகிறதாம்.

"மெசினு பொய் சொல்லுமாம்மா?" என்றார் தலைவர். வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து அந்தத் திசையைக் குறித்துக் கொடுத்ததே நான்தான்.

ஆகஸ்ட் 5
ரிஃபாய் வந்தான். "ராத்தா, நான் வயர்லெஸ் செட்டத் தொடவே இல்ல. நீயுமா நம்பல?"

நம்புகிறேன். எப்படி நிரூபிப்பது? என் கணவர் காஜா நவாஸ், அவன் பேச்சை எடுக்காதே என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். இருவருக்கும் எப்போதுமே ஆகாது.

ஆகஸ்ட் 7
மாடியேறிப் பார்த்தேன். ஆன்டெனாக் குழாயோடு சேர்த்து இரும்புக் கொடிக்கம்பம்! தர்கா கந்தூரி விழாவுக்குக் கட்டியது. பக்கத்துச் சங்கக் கொடியைவிட உயரமாகப் பறக்கவேண்டும் என்று தலைவரே நின்று கட்டவைத்தது. கருவியைப் பொருத்திய பிரபு போனில் அலுத்துக்கொண்டான். அலை இரும்பில் பட்டுத் திரும்பினால் திசை தப்புமாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு அளவு தப்புவதால் பிழையைக் கழித்துப் பார்க்கவும் வழியில்லையாம். இருக்குமிடம் தெரிந்த ஒரு படகைப் பேசவைத்துப் பார்க்கச் சொன்னான்.

ஆகஸ்ட் 9
கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கற்களுக்கு நேரே நின்று வேல்ராஜ் பேசினான். ஜன்னலில் கண்ணெதிரே படகு. கருவி எங்கேயோ காட்டுகிறது. கம்பத்தை அவிழ்க்கவைத்தேன், உடனே முள் அவன்மேல் நேராக நின்றது. உக்கிரபாண்டி அவிழ்த்த கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மன்னிப்பா? அந்த வாயிலிருந்தா?

ஆகஸ்ட் 12
சேனல் மறுபடி அடைத்தது. கோடு ரிஃபாய் வீட்டை விட்டு விலகி எங்கள் தெருமேல் விழுந்தது. ஒரு கோடு திசையைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது — தெரு முழுக்க வீடுதானே? படகுத்துறையிலிருந்து பிரபு கைக்கருவியில் இன்னொரு கோடு எடுத்தான். இரண்டும் வெட்டிய இடம் எங்கள் மொட்டைமாடி.

அங்கே இருப்பது வலைக்கொட்டகை. அதன் சாவி என் கணவரிடம்தான். சேனல் அடைப்பதும் நான் டூட்டிக்கு வந்த பிறகுதான்... ஆட்கள் ஓட்டும் அவர் படகு மீன் கூட்டத்தின்மேல் நிற்கும்போது, அந்த இடத்தை மற்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதற்காகவா? சீ. வேல்ராஜ் செத்திருந்தால்?

"எங்கனம்மா காட்டுது?" என்றார் தலைவர்.

சொன்னேன்.

ஆகஸ்ட் 13
டோக்கன் திரும்பக் கிடைத்து ரிஃபாய் கடலுக்குப் போய்விட்டான். டோக்கன் பறிபோன எங்கள் படகு கரையில் கிடக்கிறது.

அவருக்குச் சோறு வைத்தேன். தட்டைத் தள்ளவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "அந்தக் கொடிக்கம்பத்த அவுக்கச் சொன்னது நீதானா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன்.