வாசலில் நின்ற மாதா

அக்டோபர் 18, சனிக்கிழமை

ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சொரூபம் எங்கள் தெருவில் தினம் ஒரு வீட்டுக்குப் போகிறது. முந்தின நாள் சொரூபத்தை வைத்திருந்தவர்தான் அடுத்த வீட்டுக்குச் சுமந்து வர வேண்டும். பட்டியல் எழுதியது நான். குழாயடிச் சண்டைக்குப் பிறகு ரோசம்மாவோடு ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை. பட்டியலில் அவள் வீட்டை அடுத்து என் வீடு வராதபடி பார்த்துத்தான் எழுதினேன். நடுவில் யாரோ நாள் மாற்றிக் கேட்க, யோசிக்காமல் மாற்றிக் கொடுத்துத் தொலைத்தேன். நேற்று அவள் வீடு, இன்று என் வீடு என்று ஆகிவிட்டது.

நாளை ஞாயிறு, கடலுக்குப் போக்கில்லை. அதனால் இன்று பாட்டுப் பாடிக்கொண்டு என் வாசலுக்கு வந்த கூட்டத்தில் ஆண்களும் இருந்தார்கள். முன்னால் ரோசம்மா, கையில் மாதா. வேறு யாராவது வாங்கி என்னிடம் தருவார்கள் என்று கதவைப் பிடித்தபடியே நின்றேன். ஒருவரும் அசையவில்லை. பாட்டும் நின்றுவிட்டது.

"ஏளா, வாங்கு. கை கடுக்கு" என்றாள்.

வாங்கினேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபமாலை முழுக்கச் சொன்னேன், ஒரு மணிகூட மனதில் ஏறவில்லை. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் என் மகளிடம் கொடுத்தனுப்பினேன். போன மாதம் கோயிலில் நடந்த தியானக் கூட்டத்தில், 'யாரும் பறிக்க முடியாத சந்தோஷம் தாரும் ஆண்டவரே' என்று சபை நடுவில் அழுதவள் நான். சே! எவள் பறித்தாள்? நானேதான் தூக்கிப் போடுகிறேன்.

மாதாவிடம் முறையிடலாம் என்று இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையிலும் பிள்ளை. அவளுக்கும் கடுத்திருக்கும்.