கை மாத்தாதே

மச்சான்,

இன்று காலை, தளத்துக்கு வருகிறவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் நம் பழைய லோட் பேலன்சரைக் கழற்றி வைத்தோம். அதிலிருந்த விதிகளைப் புதுப் பெட்டிக்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த சக பொறியாளர் திரையைக் காட்டிச் சிரித்தார். "என்ன சார் இது, 'கை மாத்தாதே'ன்னு ஒரு ரூல் இருக்கு? யார் வெச்ச பேரு?" நீ வைத்த பெயர். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்தப் பெயர் வந்த கதையில் மானம் போனது எனக்கு. அதனால்தானே அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தளம், பின்னால் இரண்டு சர்வர். வருகிற ஒவ்வொரு க்ளிக்கையும் மாற்றி மாற்றி இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரித்து அனுப்பும்படி வைத்துவிட்டுப் பெருமையாகக் காபி குடிக்கப் போனவன் நான். மறுநாள் முழுக்க போன். பாதி விண்ணப்பத்தை ஒரு சர்வரில் நிரப்பியவர்கள் அடுத்த பக்கத்துக்கு இன்னொரு சர்வரில் போய் விழுந்தார்கள். அதற்கு அவர்கள் யாரென்றே தெரியவில்லை. மறுபடி லாகின் கேட்டது. அஸ்தினாபுரத்திலிருந்து பேசிய ஓர் அம்மா உன்னிடம் அழுதேவிட்டார். "இன்னாப்பா இது? ஒவ்வொரு வாட்டியும் புது ஆளாண்ட மொதல்லேர்ந்து சொல்லிகினு கீறேன். பொண்ணு படிப்புப்பா."

போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "சரிபாதி பிரிக்க இது என்ன சொத்தாடா? ஒருத்தர் ஒரு சர்வர்கிட்ட பேச ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் அதுகிட்டயே அனுப்பு. நடுவுல கை மாத்தாதே."

செஷன் பெர்சிஸ்டன்ஸ் என்று அதற்கு முறையான பெயர் உண்டு. நீ அதை இயக்கி, விதிக்கு 'கை மாத்தாதே' என்றே பெயர் வைத்து, அந்த அம்மா கடைசிப் பக்கம் முடிக்கும்வரை போனிலேயே இருந்தாய். அன்று சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. பசித்தால் எரிந்து விழுகிற ஆள் நீ, அவரிடம் மட்டும் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை.

பிறகு உனக்கு நோய் வந்தது. மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், வேறு நர்ஸ். மூன்றாவது முறை போய்விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாய். "மச்சான், இங்கயும் உன்னை மாதிரி எவனோ சரிபாதி பிரிச்சு வெச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து சொல்ல என்னால முடியலடா. நீ கூட வந்துடு."

வந்தேன். இரும்புலியூரில் உன்னை ஆட்டோவில் ஏற்றும்போதே ஃபைல் என் மடியில் இருக்கும். எந்த மாத்திரை வாந்தி எடுக்க வைத்தது, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எந்தக் கையில் நரம்பு கிடைக்காது, எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்பதற்கு முன்பே நான் ஒப்பிப்பதைப் பார்த்து ஒரு நர்ஸ், "பேஷன்ட் யாரு சார்?" என்று கேட்டார். ரொம்ப நாளுக்கு அதைச் சொல்லிச் சிரித்தாய்.

ஒரே ஒரு நாள் வரவில்லை. அலுவலகத்தில் முக்கியமான வேலை என்று உன் மச்சினரை அனுப்பினேன். காய்ச்சலில் நீ பேசும் நிலையில் இல்லை. அவருக்கோ எந்தக் கை என்று தெரியாது. நரம்பு கிடைக்காத இடது கையிலேயே நான்கு முறை குத்தியிருக்கிறார்கள். மாலையில் வந்து பார்த்தபோது கை வீங்கியிருந்தது. "ஒண்ணுமில்லடா, சர்வர் மாறிடுச்சு" என்று சிரித்தாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை, கடைசி நாள் உட்பட. ஆனாலும் அந்த நான்கு குத்தை என்னால் மறக்க முடியவில்லை, மச்சான்.

"ஸ்டாண்டர்டா ஒரு பேர் வெச்சிடலாமா சார்?" என்று இன்று அந்தப் புதுப் பொறியாளர் கேட்டார். "வேணாம், அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பாவம், பயந்துவிட்டார். நாளை உன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மேடவாக்கத்தில் எனக்கு ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுக்க வந்த பெண் பஞ்சை எடுத்துக்கொண்டு, "எந்தக் கை சார்?" என்றார்.

"வலது கையிலயே எடுங்கம்மா. இடதுல நரம்பு கிடைக்காது" என்றேன்.

என் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத் தெரியுதே சார்."